சைக்கிள் பழுது கற்றுத்தரும் செயலி: வீடியோவா, படி அட்டையா, கேள்வி மரமா?

சைக்கிள் பழுது கற்றுத்தரும் செயலியை ஒருவர் திறக்கும் நேரங்கள் இரண்டு. ஓய்வு நாளில் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, செயினை எப்படிச் சுத்தம் செய்வது என்று பார்ப்பது ஒன்று. பாதி வழியில் காற்று இறங்கி, கையெல்லாம் கிரீஸ் ஆனபின் திறப்பது இன்னொன்று. முதல் ஆளுக்கு இணைய இணைப்பும் பொறுமையும் இருக்கின்றன. இரண்டாம் ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம், அதுவும் கறுத்துப் போயிருக்கிறது. வடிவமைப்பில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கடைசியில் இந்த இருவரில் யாருக்காக என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். இரண்டாம் ஆளுக்காகக் கட்டினால் முதல் ஆள் எப்படியும் சமாளித்துக்கொள்வார். மாற்றிச் செய்தால் அப்படி நடக்காது. எனவே கீழே வரும் எல்லா வழிகளையும் சாலையோரத்தில் நிற்பவரின் கண்ணால்தான் பார்க்கிறோம்.

பாடத்தைக் காட்ட ஐந்து வழிகள் உண்டு: முழு வீடியோ, படிப்படியான அட்டைகள், அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் கேள்வி மரம், கேமரா வழியே பாகத்தின்மேல் அம்புக்குறி காட்டும் ஏஆர், கேட்டதற்குப் பதில் சொல்லும் சாட்பாட்.

முழு வீடியோ

அசைவைக் கற்றுத்தர வீடியோவை மிஞ்ச எதுவும் இல்லை. டயரின் கடைசி ஒரு சாண் அளவை இரு கட்டைவிரலாலும் உருட்டி ரிம்முக்குள் தள்ளுவதை எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் பாதிப் பேருக்குப் பிடிபடாது. காட்சியில் சில நொடி போதும். பெடலைச் சுற்றிக்கொண்டே கியர் கம்பியின் இறுக்கத்தைத் திருத்துவதும் அப்படித்தான்.

சிக்கல் முதலில் அளவில் வருகிறது. 720பி தரத்தில் நொடிக்கு 2 மெகாபிட் வைத்தால் ஒரு நிமிட வீடியோ 15 எம்பி. 5 நிமிடப் பாடம் 75 எம்பி, அப்படி 20 பாடங்கள் என்றால் ஒன்றரை ஜிபி. இதை இணைப்பில்லாத இடத்துக்கென்று முன்கூட்டியே இறக்கி வைக்கப் பெரும்பாலோர் சம்மதிக்கமாட்டார்கள்.

அளவைவிடப் பெரிய சிக்கல், சைக்கிள்கள் ஒரே மாதிரி இல்லை என்பது. பின்சக்கரத்தைக் கழற்றுவதையே எடுத்துக்கொள்வோம். அச்சு மூன்று வகை: நட்டு போட்டது, லீவரால் திறக்கும் குயிக் ரிலீஸ், சட்டத்தின் ஊடே நுழையும் தடித்த அச்சான த்ரூ ஆக்சில். பிரேக் நான்கு வகை: வி-பிரேக், காலிப்பர், கம்பியால் இயங்கும் டிஸ்க், ஹைட்ராலிக் டிஸ்க். அதோடு பஞ்சர் பாடத்தைச் சேர்த்தால் வால்வும் மூன்று வகை: பிரெஸ்டா, ஷ்ரேடர், டன்லப். பெருக்கினால் 36 சேர்க்கைகள். 36 வீடியோ எடுக்க யாராலும் முடியாது. எனவே ஒரே ஒரு வீடியோ எடுக்கிறார்கள். அதில் வரும் சைக்கிள் பார்ப்பவரின் சைக்கிளைப் போல இல்லாத நொடியிலேயே நம்பிக்கை போய்விடுகிறது.

போதாக்குறைக்கு, கிரீஸ் விரலால் வீடியோவை 20 நொடி பின்னுக்கு இழுப்பது பெரிய வேலை. ஒரு பாகத்தின் அளவு தவறாகச் சொல்லப்பட்டிருந்தால் முழுவதையும் மறுபடி எடுக்கவும் வேண்டும்.

படி அட்டைகள்

ஒரு திரைக்கு ஒரே செயல், ஒரு படம், இரண்டு வரி. கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும் இந்த வழிதான் எங்கள் தேர்வின் அடித்தளம். ஆனால் அட்டையில் என்ன இருக்கவேண்டும் என்பதைத் தளர்த்தக்கூடாது. செயல், தேவையான கருவி, முடித்தபின் கண்ணுக்கோ கைக்கோ தெரியவேண்டிய அடையாளம், அந்த அடையாளம் தெரியாவிட்டால் போகவேண்டிய அட்டை. கடைசி இரண்டும் இல்லாத அட்டை வெறும் கையேட்டுப் பக்கம்தான்.

டியூபில் ஒட்டுப் போடும் பாடத்தை வைத்துப் பார்ப்போம். உப்புத்தாளால் தேய்க்கும் அட்டையில் எதிர்பார்க்கவேண்டிய அடையாளம்: ரப்பரின் பளபளப்பு போய் மங்கலாகத் தெரியவேண்டும், டியூபில் மேடான கோடு ஓடினால் அதுவும் சமமாகியிருக்கவேண்டும். சொல்யூஷன் தடவும் அட்டையில் ஒட்டைவிடப் பெரிய வட்டமாக, மெல்லியதாகத் தடவச் சொல்லவேண்டும். அடுத்த அட்டைதான் பெரும்பாலான ஒட்டுகள் தோற்கும் இடம். சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அழுத்திவிடுகிறார்கள். கரைப்பான் ஆவியாகாமல் ஒட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது, காற்று அடித்ததும் ஓரம் கிளம்புகிறது. இங்கே எழுத்து உதவாது. 5 நிமிட நேரக்கடிகாரத்தை அட்டைக்குள்ளேயே வைத்து, 'ஈரப் பளபளப்பு போனபின் தொடரவும்' என்று போடவேண்டும். சொல்யூஷன் தேவைப்படாத ஒட்டு வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு அட்டைகளுமே வரக்கூடாது. கிட் பற்றிய ஒரு கேள்வி அவற்றைத் தாண்டவைக்கும்.

இப்படிப் பிரிவதில்தான் அட்டையின் பலம் இருக்கிறது. செயலியை முதன்முறை திறக்கும்போது அச்சு, பிரேக், வால்வு, சக்கர அளவு, பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை என ஐந்தைப் படம் காட்டிக் கேட்டுச் சேமித்துவிட்டால், வீடியோவுக்கு 36 சேர்க்கையாக இருந்தது இங்கே 3, 4, 3 எனப் பத்து மாற்று அட்டைத் தொகுப்புகளாகச் சுருங்கிவிடும். மற்ற அட்டைகள் எல்லாருக்கும் பொது.

சக்கர அளவைக் கேட்கும்போது '26 அங்குலம்' என்ற பதிலை ஏற்கக்கூடாது. 26 என்று விற்கப்படும் டயர்களில் 559 மி.மீ. ரிம்முக்கானதும் உண்டு, 590 மி.மீ. ரிம்முக்கானதும் உண்டு, ஒன்று மற்றதில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து உள்ளிடச் சொல்வதே சரி. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். 700சி என்றும் 29 அங்குலம் என்றும் வேறுவேறாக அழைக்கப்படுபவை இரண்டும் 622தான் என்பதைச் செயலியே புரிந்துகொள்ளும்.

அட்டைக்கு அசைவைக் காட்டத் தெரியாது. அதற்கு மருந்து, தேவையான அட்டைகளில் மட்டும் 6 நொடி, ஒலியில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் சிறு காட்சி. நொடிக்கு 800 கிலோபிட் வைத்தால் ஒன்று 0.6 எம்பி. பத்து அட்டைப் பாடத்தில் மூன்று காட்சியும், ஒவ்வொன்றும் 80 கேபி அளவில் பத்து படமும் வைத்தால் 2.6 எம்பி. 20 பாடங்கள் சேர்ந்து 52 எம்பி. செயலியோடு சேர்த்தே இறக்கிவிடலாம். எல்லா அட்டைக்கும் காட்சி வைக்கும் ஆசை வரும். நட்டைத் தளர்த்துவதற்கு எதற்குக் காட்சி? அம்புக்குறி போதும்.

கேள்வி மரம்

அட்டைகளுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு: எந்தப் பாடத்தைத் திறக்கவேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அவை பயன்படும். புதியவருக்குத் தெரிவது 'கியர் தாவுகிறது' என்பது மட்டுமே. செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பின் டிரெய்லியரா, கம்பியா, தேய்ந்த செயினா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அட்டைகளின் வாசலில் கேள்வி மரம் தேவைப்படுவது இதனால்தான்.

இதை எழுதுவது கடினம், பெரும்பாலும் சொதப்புவதும் இங்கேதான். 'கம்பி இறுக்கம் குறைவாக உள்ளதா?' என்று கேட்டால் அது கேள்வி அல்ல. விடை தெரிந்திருந்தால் அவர் செயலியையே திறந்திருக்கமாட்டார். 'பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்குகிறதா, சிறியதற்கு இறங்கத் தயங்குகிறதா?' என்று கேட்கவேண்டும். ஏறத் தயங்கினால் இறுக்கம் போதவில்லை, கம்பியின் முனையில் உள்ள, இறுக்கத்தைச் சரிசெய்யும் உருளையை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பவேண்டும். இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. உருளையைச் சைக்கிளின் பின்னால் நின்று பார்க்கும் படத்தோடுதான் இதைச் சொல்லவேண்டும், முன்னால் நின்று பார்ப்பவருக்குத் திசை மாறிவிடும். சைக்கிள் சமீபத்தில் அந்தப் பக்கமாக விழுந்ததா என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்கவேண்டும். டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருந்தால் உருளையை எவ்வளவு திருப்பினாலும் ஒரு கியர் சரியாகி இன்னொன்று கெடும். அதற்கு வளைவு எடுக்கும் கருவி வேண்டும்.

செயின் தேய்மானத்தை அளவுகோலே சொல்லும். புதுச் செயினில் 24 கண்ணிகள் 304.8 மி.மீ. 11, 12 கியர் செயினில் இது 1.5 மி.மீ. நீண்டிருந்தால், அதாவது 0.5 சதவீதம், மாற்றும் நேரம். 10 வரையிலான கியர்களில் 0.75 சதவீதம், சுமார் 2.3 மி.மீ. வரை போகலாம். பல்சக்கர எண்ணிக்கையை முன்பே கேட்டு வைத்திருப்பதால் எந்த எல்லை பொருந்தும் என்று பயனர் யோசிக்கவேண்டியதில்லை.

பஞ்சருக்கும் மரம் வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். ஒட்டுப் போட்ட பத்தாவது நிமிடத்தில் மறுபடி காற்று இறங்குவது, காரணத்தைத் தேடாமல் ஓட்டையை மட்டும் அடைத்ததால். அருகருகே இரண்டு துளை என்றால் காற்றழுத்தம் குறைவாக வைத்து மேட்டில் மோதியதில் ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. ஒட்டிவிட்டு அழுத்தத்தைக் கூட்டினால் போதும். வெளிப்பக்கம் ஒரு துளை என்றால் முள்ளோ கண்ணாடியோ இன்னும் டயரிலேயே இருக்கக்கூடும். உள்பக்கம், ரிம்மை ஒட்டிய பக்கம் என்றால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகி ஸ்போக் துளையின் விளிம்பு அறுத்திருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபையே மாற்றவேண்டும். இதைக் கண்டுபிடிக்க டியூபை எடுக்கும்போதே எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நினைவில் வைக்கவேண்டும். ஆகவே 'வால்வு இருந்த இடத்தில் டயரில் ஒரு குறி போடவும்' என்ற அட்டை கழற்றுவதற்கு முன்பே வரவேண்டும். பின்னால் வந்தால் காரியம் கைதவறிவிடும்.

மரம் நான்கு கேள்விக்கு மேல் ஆழமாகப் போகக்கூடாது. ஒவ்வொரு கேள்வியிலும் 'தெரியவில்லை' என்ற பொத்தான் வேண்டும். அது குற்றமாக உணரவைக்காமல், எப்படிப் பார்ப்பது என்று காட்டும் ஓர் அட்டைக்குக் கொண்டுபோகவேண்டும்.

ஏஆரும் சாட்பாட்டும்

விளக்கக் காட்சியில் கைதட்டல் வாங்குவது ஏஆர்தான். சாலையோரத்தில் அதன் முதல் தடை தொழில்நுட்பம்கூட அல்ல: பழுது பார்க்க இரண்டு கையும் வேண்டும், போனைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இரண்டாவது தடை சைக்கிளின் உடம்பு. மெல்லிய ஸ்போக்குகள், பளபளக்கும் உலோகம், கறுப்புப் பாகங்கள் ஆகியவை கேமராவால் பிடித்து வைத்துக்கொள்ளக் கடினமானவை. ஆப்பிளின் ஏஆர்கிட்டில் 2018 முதல் பொருள்களை முன்கூட்டி ஸ்கேன் செய்து அடையாளம் காணும் வசதி உண்டு, ஆனால் அது ஸ்கேன் செய்த அதே பொருளைத் தேடுகிறது. ஒவ்வொருவரின் டிரெய்லியரும் வேறு. இதற்கு ஆகும் உழைப்பில் நூறு நல்ல படம் எடுத்துவிடலாம்.

சாட்பாட்டுக்கு வேறு நியாயம் உண்டு. பயனர் தன் சொற்களில் சொன்ன புகாரைப் புரிந்துகொண்டு சரியான மரத்தின் சரியான கிளையில் கொண்டுவிடுவதில் அது கெட்டி. ஆனால் பழுதுபார்க்கும் படிகளை அதுவே இயற்றிச் சொல்ல விடக்கூடாது. ஹைட்ராலிக் பிரேக்கில் சில வகைக்கு மினரல் ஆயில், சில வகைக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் சீல்கள் ஊதிக் கெட்டு பிரேக்கே போய்விடும். தன்னம்பிக்கையோடு சொல்லப்படும் ஒரு தவறான வரி இங்கே உயிரோடு விளையாடும். இணைப்பு இருக்கும்போது வழிகாட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம், முதல் பதிப்பில் இல்லாவிட்டாலும் குறையில்லை.

எந்தத் தளத்தில் கட்டுவது

இணையச் செயலியாகக் கட்டினால் செயலிக் கடைகளின் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டாம், ஒரு கியூஆர் குறியீட்டைக் காட்டியே திறக்க வைக்கலாம். ஆனால் பஞ்சர் மாதக்கணக்கில் ஒருமுறை வரும் விருந்தாளி. ஐபோனின் உலாவியான சஃபாரியில், 2020இல் வந்த 13.1 பதிப்பு முதல், ஏழு நாள் பயன்பாட்டில் பயனர் தொடாத தளம் சேமித்து வைத்த தரவைச் சஃபாரி அழித்துவிடும். முகப்புத் திரையில் நிறுவிய இணையச் செயலிக்கு இந்த விதி பொருந்தாது, ஆனால் நிறுவாமல் பார்த்துவிட்டுப் போனவருக்குத் தேவைப்படும் நாளில் எதுவும் மிஞ்சியிருக்காது. இணைப்பில்லாமல் இயங்குவதே இந்தச் செயலியின் உயிர் என்பதால் நிறுவும் செயலிதான் சரி. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாக எழுதுவதா, ஃப்ளட்டர் போன்ற ஒன்றில் ஒருமுறை எழுதுவதா? படம், உரை, நேரக்கடிகாரம் மட்டுமே உள்ள செயலிக்கு ஒருமுறை எழுதுவதே போதும். ஏஆரை விட்டுவிட்டதால் கிடைக்கும் உபரி லாபம் இது.

கிரீஸ் கைக்கான திரை

ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடும் பரப்புக்குக் குறைந்தது 48 டிபி, ஆப்பிள் 44 பாயிண்ட் (இரண்டும் திரை அளவு அலகுகள்) என்கின்றன. அது சுத்தமான விரலுக்கு. இங்கே 'அடுத்தது' பொத்தான் திரையின் கீழ் மூன்றிலொரு பங்கை எடுத்துக்கொள்ளட்டும். முழங்கையின் முட்டியால் தட்டினாலும் வேலை செய்யவேண்டும். அட்டை திறந்திருக்கும்வரை திரை அணையக்கூடாது. அணைந்த திரையைத் திறக்க கைரேகை கேட்கும், கிரீஸ் விரலை அது அடையாளம் காணாது. ஒலிப் பொத்தானால் அட்டையைப் புரட்டலாம் என்ற யோசனை ஆண்ட்ராய்டில் நடக்கும். ஐபோனில் ஒலிப் பொத்தானின் வழக்கமான வேலையை மாற்றும் செயலிகளை ஆப்பிளின் விதி 2.5.9 தடுக்கிறது. 'அடுத்தது' என்று குரலால் சொல்வது வீட்டுக்குள் அருமை, வண்டி ஓடும் சாலையில் அதை நம்ப முடியாது. கூடுதல் வசதியாக வைக்கலாம், ஒரே வழியாக அல்ல.

நேரடி வெயிலில் கறுப்புப் பின்னணி கண்ணாடியாகிவிடும். வெள்ளையில் கறுப்பு எழுத்தே இயல்புநிலை, இரவில் மட்டும் மாறட்டும். சரி, தவறு என்பதைப் பச்சை, சிவப்பால் மட்டும் காட்டாமல் குறியும் சேர்க்கவேண்டும்.

'வலது', 'இடது' என்ற சொற்களை அட்டைகளிலிருந்து முழுதாக நீக்கிவிட்டு 'செயின் பக்கம்', 'செயின் இல்லாத பக்கம்' என்று எழுதுவது நல்லது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியதும் வலமும் இடமும் மாறிவிடும், செயின் மாறாது. பெடல் கழற்றும் பாடத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் செயின் இல்லாத பக்கத்துப் பெடலுக்கு இடமரை. வழக்கமான திசையில் கழற்றப் பார்ப்பவர் உண்மையில் இறுக்கிக்கொண்டிருப்பார். கழலவில்லை என்று ஸ்பேனரில் குழாய் மாட்டி நெம்பினால் பெடலைத் தாங்கும் கிராங்கின் மரை போய்விடும்.

எதைக் கற்றுத்தரக் கூடாது

ஒவ்வொரு மரத்தின் சில கிளைகளும் 'நிறுத்தவும், ஓட்டவேண்டாம்' என்ற அட்டையில் முடியவேண்டும். ஃபோர்க்கிலோ சட்டத்திலோ விரிசல், காற்றுப் புகுந்து பஞ்சுபோல அமுங்கும் ஹைட்ராலிக் பிரேக் லீவர், எண்ணெய் பட்ட பிரேக் கட்டை இவையெல்லாம் சாலையோரத்தில் சரியாகாதவை. டிரெய்லியர் எவ்வளவு தூரம் நகரலாம் என்று தடுக்கும் எல்லைத் திருகுகளை முதல் பதிப்பில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தாழ்ந்த கியர்ப் பக்கத்துத் திருகை அளவுக்குமேல் தளர்த்தினால் டிரெய்லியர் ஸ்போக்குகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளுக்கு முறுக்குவிசை அந்தப் பாகத்திலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில். அதைப் படிக்கச் சொல்லவேண்டுமே தவிர, 'நன்றாக இறுக்கவும்' என்று எழுதக்கூடாது. 'நன்றாக' என்றால் ஒருவருக்கு விரல் வலிமை, இன்னொருவருக்கு முழு உடம்பு.

முதல் பதிப்புக்கு 12 பாடங்கள் தாராளம்: சக்கரம் கழற்றி மாட்டுதல் (குயிக் ரிலீஸ் என்றால் லீவர் பாதி வழியில் இறுகத் தொடங்கி, மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியவேண்டும் என்ற அடையாளத்தோடு), டியூப் மாற்றுதல், ஒட்டுப் போடுதல், காற்றழுத்தம், கழன்ற செயினை மாட்டுதல், செயின் சுத்தமும் எண்ணெயும், தேய்மானம் அளத்தல், கம்பி பிரேக் இறுக்கம், பிரேக் கட்டை மாற்றுதல், கியர் கம்பித் திருத்தம், பெடல் கழற்றுதல், இருக்கை உயரம். சக்கரக் கோட்டம் எடுப்பதை இப்போதைக்குச் சேர்க்கவேண்டாம். அது அட்டையில் அடங்காது, வீட்டிலிருப்பவருக்கான முழு வீடியோவாகப் பின்னால் வரட்டும். வீடியோவுக்கு உரிய இடம் அதுதான்.

சோதனைக்கு, டயரே கழற்றிப் பார்க்காத ஒருவரிடம் செயலியையும் காற்றிறங்கிய சக்கரத்தையும் கொடுத்து, விரலில் செயின் எண்ணெய் தடவி, போனின் இணைப்பைத் துண்டித்துவிட்டு எதுவும் பேசாமல் கவனிக்கவேண்டும். குறித்துக்கொள்ளவேண்டியவை இரண்டே: எந்த அட்டையில் பின்னுக்குத் திரும்பினார், எந்த அட்டையைப் படித்தபின்னும் தவறான பாகத்தில் கைவைத்தார். முதலாவது பெரும்பாலும் முந்தைய அட்டையில் அடையாளம் சொல்லாததால் வரும். இரண்டாவதற்குக் காரணம் எழுத்தாக இருப்பது அபூர்வம், படம் பார்க்கும் கோணம் அவர் நிற்கும் இடத்திலிருந்து எடுக்கப்படாததுதான். அங்கே வரியைத் திருத்திப் பயனில்லை, படத்தையே மறுபடி எடுக்கவேண்டும்.